பழைய சிறிய உழவு இயந்திரத்தில் பி.ரி.ஓ. தண்டின் பேரிங் தேய்ந்துவிட்டது: கியர் பெட்டியைப் பிரிக்காமல் மாற்ற முடியுமா?

தம்பலகாமம் வயற்காரன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் 17 குதிரைவலுக் கொண்ட பழைய ஜப்பானியச் சிறிய உழவு இயந்திரம் ஒன்று இருக்கிறது. பாவித்த நிலையில் இறக்குமதி செய்யப்பட்டதைத்தான் வாங்கினோம். அதற்குப் பெரும்பாலும், பின்னால் பூட்டிய சுழல்கத்திகளால் மண்ணைப் புரட்டும் ரொட்டவேற்றர் வேலைதான். பெரும்போகத்திலும் சிறுபோகத்திலும் வயலில் சேறடிப்பதும், இடையில் மேட்டுக்காணியில் கடலைக்கு மண் புரட்டுவதும் அதைக்கொண்டே நடக்கின்றன.

கடந்த பெரும்போகச் சேற்று உழவு முடியும் தறுவாயில், பி.ரி.ஓ.வை, அதாவது எஞ்சினின் சுழற்சியைப் பின்னால் பூட்டிய கருவிக்குக் கொடுக்கும் தண்டை, போட்டவுடன் பின்பக்கத்திலிருந்து ஒரு முனகல் வரத் தொடங்கியது. எஞ்சினின் வேகத்தைக் கூட்டக்கூட அது உறுமலாக மாறுகிறது. பி.ரி.ஓ. தண்டு வெளியே வரும் இடத்தில் ஒயில் கசிந்து, சேற்றோடு கலந்து, கறுப்புப் பசைபோல் மூடியில் படிந்திருக்கிறது. எஞ்சினை நிறுத்திவிட்டு, தண்டைக் கையால் பிடித்து மேலும் கீழும் அசைத்தால் ஆட்டம் கண்ணுக்கே தெரிகிறது.

சத்தம் எங்கிருந்து வருகிறது என்று உறுதிசெய்ய, ரொட்டவேற்றரைக் கழற்றிவிட்டு வெறும் பி.ரி.ஓ.வை மட்டும் ஓடவிட்டுப் பார்த்தேன். சத்தம் குறைந்ததே தவிர நிற்கவில்லை. பி.ரி.ஓ.வைத் துண்டித்து வீதியில் எல்லாக் கியரிலும் ஓட்டிப் பார்த்தபோது எந்தச் சத்தமும் இல்லை. கியர் பெட்டியிலிருந்து கொஞ்சம் ஒயிலை இறக்கிப் பார்த்தேன். பால்போல் வெளுக்கவில்லை, ஆனால் ஒயில் இறக்கும் அடிப்பூட்டின் காந்தத்தில் சாம்பல் நிறத்தில் நுண்ணிய இரும்புத்தூள் ஒட்டியிருந்தது. துண்டு துண்டாக எதுவும் இல்லை.

இரண்டு கராஜ்களில் விசாரித்தேன். ஒருவர், இயந்திரத்தை நடுவில் இரண்டாகப் பிரித்து உள்ளிருக்கும் பேரிங் எல்லாவற்றையும் மாற்றினால்தான் சரிவரும் என்றார். மற்றவர், பின்மூடியைக் கழற்றினால் போதும், அரை நாள் வேலை என்றார். இருவரும் உறுதியாகவே சொன்னார்கள். செலவில் இருக்கும் வித்தியாசமோ எங்களால் தாங்கக்கூடியது அல்ல. கந்தளாய்க் குளத்திலிருந்து சிறுபோகத்துக்குத் தண்ணீர் திறப்பதற்கு முன் இயந்திரம் வயலில் இறங்கத் தயாராக இருக்க வேண்டும்.

அண்ணனும் நானும் சேர்ந்து இதைச் செய்ய முடியுமா? எங்களிடம் நல்ல ஸ்பானர் செட் ஒன்றும், பேரிங்கை இழுத்தெடுக்கும் மூன்று கால் புல்லர் ஒன்றும், தவாளிப்பில் உட்காரும் சேர்க்ளிப் பிடிவளையத்தைக் கழற்றும் குறடும் இருக்கின்றன. எந்த பேரிங் வாங்க வேண்டும், தண்டைச் சுற்றி ஒயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் சீலையும் மாற்ற வேண்டுமா, கழற்றும்போது எதில் கவனமாக இருக்க வேண்டும் என்பதை அனுபவமுள்ளவர்கள் தயவுசெய்து விளக்கமாக எழுதுங்கள்.

கந்தளாய் கராஜ்காரர் எழுதியது:

தம்பி, நீங்கள் கவனித்து எழுதியிருக்கும் விதமே பாதி வேலையை முடித்துவிட்டது. பி.ரி.ஓ.வைத் துண்டித்தால் சத்தம் இல்லை என்பதால், சில்லுகளுக்குப் பலம் போகும் வழியிலுள்ள பேரிங்குகளை இப்போதைக்குச் சந்தேகிக்க வேண்டியதில்லை. ரொட்டவேற்றர் இல்லாமலும் சத்தம் வருகிறது என்பதால், குறை இயந்திரத்தின் பக்கம்தான் இருக்கிறது. ஆட்டமும் கசிவும் ஒரே இடத்தில் சேர்ந்திருப்பதால், தண்டின் பின்முனையைத் தாங்கும் பேரிங் போய்விட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். எல்லாவற்றையும் மாற்ற வேண்டும் என்று முதலிலேயே முடிவெடுக்க ஒரு காரணமும் இல்லை.

யன்மார், குபோட்டா, இசெகி போன்ற பழைய ஜப்பானியச் சிறிய இயந்திரங்கள் பலவற்றில், பி.ரி.ஓ. தண்டின் பின்பக்க பேரிங், வட்டமாகப் போல்ட் பூட்டிய ஒரு சிறு மூடிக்குள் அல்லது அந்த மூடிக்கு நேர் பின்னால் உட்கார்ந்திருக்கும். அந்த மூடியைக் கழற்றினால் தண்டு பேரிங்கோடு சேர்ந்து பின்பக்கமாக வெளியே வரும். நடுவில் பிரிக்க வேண்டிய நிலை, தண்டின் முன்முனையைத் தாங்கும் பேரிங்கும் கெட்டிருந்து, பின்பக்கத் துளை வழியாகக் கை எட்டாதபோதுதான் வரும். ஆகவே பின்மூடியைத் திறந்து பார்த்த பிறகு முடிவெடுங்கள். திறப்பதால் நட்டம் எதுவும் இல்லை. எப்படியும் அந்த வழியாகத்தான் போக வேண்டும்.

வேலையைத் தொடங்குமுன் இயந்திரத்தின் பின்புறத்தை நன்றாகக் கழுவிக் காயவிடுங்கள். அந்தக் கறுப்புப் பசையில் ஒரு சிட்டிகை உள்ளே போனாலும் புதிய பேரிங்குக்கு அதுவே எமன். ஒயிலைச் சுத்தமான பாத்திரத்தில் முழுவதுமாக இறக்கி, ஓர் இரவு மூடி வைத்து, அடியில் என்ன தங்குகிறது என்று பாருங்கள். நீங்கள் சொன்ன சாம்பல் தூள் மட்டும் என்றால் கவலைப்பட வேண்டாம். மீன் செதில்போல் மினுங்கும் தகடுகள் இருந்தால், அவை பேரிங்கின் ஓடுபாதை, அதாவது குண்டுகள் உருளும் பள்ளம், உரிந்து விழுந்தவை. அவ்வாறெனில் உட்புறத்தை டீசலால் கழுவி, ஹைட்ரோலிக் வடியையும் கழற்றிச் சுத்தம் செய்யாமல் மூடக்கூடாது.

மூடியின் போல்ட்களைக் கழற்றியபின், ஸ்க்ரூ டிரைவரைச் செருகி நெம்ப வேண்டாம். மூடி வார்ப்பு அலுமினியமாகவோ வார்ப்பிரும்பாகவோ இருக்கும். அதன் முகத்தில் விழும் ஒரு கீறல் வழியாகப் பிறகு எப்போதும் ஒயில் கசியும். பல மூடிகளில் மரை வெட்டிய இரண்டு வெற்றுத் துளைகள் இருக்கும். அவற்றுக்கு அளவான போல்ட்களைப் பூட்டி, இரண்டையும் மாறிமாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினால் மூடி தானாக எழும்பி வரும். துளை இல்லையென்றால் மரச் சுத்தியலால் சுற்றிவரத் தட்டி எடுங்கள்.

அடுத்து வருவதில்தான் பலர் அகப்பட்டுக்கொள்கிறார்கள். சில மாதிரிகளில் பி.ரி.ஓ. பற்சில்லு தண்டின்மேல் கோர்த்தபடி இருக்கும். தண்டை ஒரேயடியாக உருவினால் பற்சில்லோ, வொஷரோ, இடைவளையமோ பெட்டிக்குள் விழுந்துவிடும். தண்டை விரலளவு இழுத்ததும் நிறுத்தி, டோர்ச் அடித்து உள்ளே பாருங்கள். எது எதற்குப் பின்னால் இருக்கிறது, எந்த வொஷரின் எந்தப் பக்கம் வெளியே பார்க்கிறது என்று தொலைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் இழுக்க, மற்றவர் உள்ளிருப்பதைக் கையால் தாங்கிக்கொள்ளட்டும். அண்ணன் கூட இருப்பது இதற்கு நல்லது. பேரிங்குக்குப் பின்னால் மெல்லிய தகட்டு ஷிம்கள் இருந்தால் எண்ணி, கம்பியில் கோர்த்து வையுங்கள். தண்டு முன்னும் பின்னும் நகரும் இடைவெளியை நிர்ணயிப்பவை அவை.

தண்டை முற்றாக எடுப்பதற்கு முன் அதன் முன்முனையில் ஆட்டம் இருக்கிறதா என்றும் பாருங்கள். அந்த முனை அசையாமல், வழுவழுப்பாகச் சுற்றினால் முன் பேரிங்கைத் தொட வேண்டாம். சொரசொரப்பாக இருந்தால் மட்டும் பிரிப்பதைப் பற்றி யோசிப்போம்.

பழைய பேரிங்கைப் புல்லரால் எடுக்கும்போது எப்படி இழுத்தாலும் பரவாயில்லை. புதியதைப் பூட்டும்போது அப்படியல்ல. தண்டின்மேல் இறுக்கமாக உட்காரும் உள்வளையத்தில் மட்டுமே விசை விழ வேண்டும். அந்த வளையத்தின் அளவுக்குச் சரியான இரும்புக் குழாய்த் துண்டை வைத்து நேராக இறக்குங்கள். வெளிவளையத்தில் அடித்தால் அந்த அடி குண்டுகள் வழியாகப் போய், ஓடுபாதையில் கண்ணுக்குத் தெரியாத பள்ளங்களை உண்டாக்கும். முதல் நாளே முனகல் தொடங்கிவிடும். பேரிங்கைச் சுத்தமான ஒயிலில், பாத்திரத்தின் அடியைத் தொடாமல் கம்பியில் தொங்கவிட்டு, 100 பாகை செல்சியசுக்கு மேல் போகாமல் சூடாக்கினால் கையுறையோடு பிடித்துத் தள்ளினாலே ஏறிவிடும். 120 பாகையைத் தாண்டினால் உருக்கின் பதம் கெடத் தொடங்கும் என்பதால் வெப்பமானி அவசியம். காஸ் டோர்ச் வேண்டவே வேண்டாம். இருபக்கமும் ரப்பர் மூடியிட்ட பேரிங்கை இப்படி ஒயிலில் இடக்கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சீலைக் கட்டாயம் மாற்றுங்கள். இவ்வளவு பிரித்துவிட்டுப் பழைய சீலைத் திரும்பப் போடுவது செய்த வேலையை வீணாக்குவதாகும்.

மூதூர் உழவுக்காரன் எழுதியது:

அனைவருக்கும் அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். கராஜ்காரர் சொன்ன முறையில் நான் மாற்றுவதற்கு எதுவும் இல்லை. ஆனால் தம்பி ஒன்றைக் கேட்கவில்லை, அதைத்தான் எழுத வந்தேன்: அந்த பேரிங் ஏன் போனது? காரணத்தைக் கண்டுபிடிக்காமல் புதியதைப் பூட்டினால், அடுத்த போகம் முடிவதற்குள் இதே மூடியை மறுபடியும் திறக்க வேண்டி வரும். எங்கள் பக்கம் அல்லைத் திட்டத்து வயல்களில் ஓடும் சிறிய இயந்திரங்களில் இது திரும்பத் திரும்ப நடப்பதைப் பார்க்கிறேன்.

சேறு ஒரு காரணம், அது எல்லோருக்கும் தெரியும். அதைவிடப் பெரிய காரணம் பல நேரங்களில் ரொட்டவேற்றருக்குப் போகும் இணைப்புத் தண்டின் நீளம். அந்தத் தண்டு ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இரண்டு குழாய்களால் ஆனது. ரொட்டவேற்றர் ஏறி இறங்கும்போது நீண்டும் சுருங்கியும் கொடுக்க வேண்டும். பெரிய இயந்திரத்துக்குரிய தண்டைச் சிறிய இயந்திரத்தில் பூட்டினால், ரொட்டவேற்றரைத் தூக்கி இறக்கும் மூன்று புள்ளி இணைப்பு ஏதோ ஓர் உயரத்துக்கு வரும்போது உட்குழாய் மேற்கொண்டு நுழைய இடமில்லாமல் அடியில் முட்டும். அந்த நேரத்தில் ரொட்டவேற்றரின் பாரமும் ஹைட்ரோலிக்கின் விசையும் சேர்ந்து, பி.ரி.ஓ. தண்டை நேராக முன்பக்கம் தள்ளுகின்றன. அங்கிருக்கும் சாதாரணக் குண்டு பேரிங், தண்டுக்குக் குறுக்காக வரும் பாரத்தைத் தாங்குவதற்காக வைக்கப்பட்டது. நீளவாக்கில் ஓரளவு விசையைத் தாங்குமே ஒழிய, ஒவ்வொரு வரப்பிலும் ரொட்டவேற்றரைத் தூக்கி இறக்கும்போது விழும் இந்தக் குத்தை நெடுநாள் தாங்காது.

பழைய பேரிங்கைக் கழற்றியதும் எறிந்துவிடாதீர்கள். கழுவி, உள்வளையத்தின் பள்ளத்தை வெயிலில் பிடித்துப் பாருங்கள். குண்டுகள் ஓடிய தடம் பள்ளத்தின் நடுவில் ஒரே அகலத்தில் இருந்தால் அது வயதால் தேய்ந்தது. தடம் ஒரு பக்க விளிம்பை நோக்கி ஏறியிருந்தால், அதை யாரோ பக்கவாட்டில் தள்ளிக்கொண்டிருந்தார்கள் என்பதற்கு அதுவே சாட்சி.

தண்டின் நீளத்தைச் சரிபார்ப்பதற்கு வழி இருக்கிறது. இணைப்புத் தண்டைக் கழற்றி இரண்டு குழாய்களையும் பிரித்து, ஒன்றை இயந்திரத்திலும் மற்றதை ரொட்டவேற்றரிலும் பூட்டுங்கள். பி.ரி.ஓ. துண்டித்த நிலையில் எஞ்சினை ஓடவிட்டு, ரொட்டவேற்றரை மெதுவாக உயர்த்தி இறக்கி, இரண்டு முனைகளும் மிக நெருங்கி வரும் உயரத்தைக் கண்டுபிடித்து, அந்த உயரத்தில் அடியில் மரக்குற்றி வைத்து எஞ்சினை நிறுத்துங்கள். இப்போது இரண்டு குழாய்களையும் பக்கம் பக்கமாகப் பிடித்துப் பார்த்தால், உட்குழாயின் நுனிக்கும் அது முட்டக்கூடிய இடத்துக்கும் இடையில் ஆகக் குறைந்தது 25 மில்லிமீற்றர் மிஞ்ச வேண்டும். மிஞ்சவில்லையென்றால் வெட்ட வேண்டும். மறுபுறம், மிக விலகி நிற்கும் உயரத்தில் குழாய்கள் மூன்றில் ஒரு பங்காவது ஒன்றுக்குள் ஒன்று இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் தண்டு வளைந்துகொடுத்து உதறத் தொடங்கும், அந்த உதறலும் அதே பேரிங்கில்தான் போய் விழும்.

இன்னொன்றையும் பாருங்கள். இணைப்புத் தண்டின் இரு முனை ஜொயின்ட்களிலும், நடுப்பகுதியை நோக்கியிருக்கும் இரண்டு கவைகளும் ஒரே தளத்தில் நேராக நிற்க வேண்டும். கழற்றிப் பூட்டும்போது குழாயை மாறிச் செருகினால் கவைகள் திரும்பிவிடும். பிறகு தண்டு ஒவ்வொரு சுற்றிலும் வேகம் கூடிக் குறைந்து சுழலும். ரொட்டவேற்றர் நடுங்குவதற்குக் கத்தியைக் குறை சொல்லிக்கொண்டிருப்பவர்கள் முதலில் இதைப் பார்க்க வேண்டும்.

பேசும்போதே சொல்லிவிடுகிறேன், இந்த அளவெடுப்பு எதையும் சாரம் கட்டிக்கொண்டு செய்யாதீர்கள். பி.ரி.ஓ. நிமிடத்துக்கு 540 சுற்று என்றால் ஒரு செக்கனில் ஒன்பது சுற்று. துணியின் நுனி அதில் பட்டால் கையை எடுத்து லீவரைத் தொடுவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். தண்டின்மேல் பிளாஸ்டிக் காப்பு இல்லையென்றால் பேரிங் வாங்கும்போதே அதையும் வாங்குங்கள்.

நகரத்து உதிரிப்பாகக்காரர் எழுதியது:

திருகோணமலை நகரத்தில் பேரிங்கும் சீலும் விற்பவன் என்ற முறையில், எதை வாங்குவது என்ற கேள்விக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். இயந்திரத்தின் மாதிரிப் பெயரைச் சொல்லி பேரிங் கேட்காதீர்கள். ஒரே மாதிரியிலேயே ஆண்டுக்கு ஆண்டு மாற்றங்கள் இருக்கும். அதோடு, முன்னைய உரிமையாளர் எதைப் பூட்டினார் என்பதும் தெரியாது. பழைய பேரிங்கைக் கையோடு கொண்டுவாருங்கள், அல்லது அதன் வளையத்தில் பொறித்திருக்கும் எண் முழுவதையும் எழுதிக்கொண்டு வாருங்கள்.

அந்த எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்கள் 04 அல்லது அதற்கு மேல் என்றால், அவற்றை ஐந்தால் பெருக்கினால் உட்துளையின் அளவு மில்லிமீற்றரில் கிடைக்கும். 6207 என்றால் 35 மில்லிமீற்றர். 6307 என்றாலும் அதே 35 தான். ஆனால் 6207இன் வெளிவிட்டம் 72, அகலம் 17. 6307இன் வெளிவிட்டம் 80, அகலம் 21. தண்டின் விட்டத்தை மட்டும் அளந்துவிட்டு வருபவர்கள் இங்கேதான் தவறான பொருளோடு திரும்பிப் போகிறார்கள்.

எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்துகளும் முக்கியம். சி3 என்றிருந்தால் உட்புற இடைவெளி வழமையைவிடக் கூடியது என்று பொருள். பழையதில் சி3 இருந்தால் புதியதிலும் சி3 வாங்குங்கள், இல்லாவிட்டால் தேவையில்லை. கியர் ஒயில் தெறித்து நனையும் இடத்தில் திறந்த பேரிங்தான் பெரும்பாலும் இருக்கும். இருபக்கமும் ரப்பர் மூடிய 2ஆர்எஸ் வகை உயர்ந்தது என்று நினைத்து அதைக் கேட்பவர்கள் அதிகம். உள்ளே அடைத்திருக்கும் கிறீஸை நம்பி அது ஓட வேண்டியிருக்கும், பெட்டியில் இருக்கும் ஒயில் அதற்கு ஒழுங்காகப் போய்ச் சேராது. ஆகவே தொழிற்சாலையில் எந்த வகை பூட்டப்பட்டதோ அதையே பூட்டுங்கள். வெளிவளையத்தில் கம்பி வளையத்துக்கான தவாளிப்பு இருந்தால் அதையும் சொல்ல மறக்காதீர்கள். தவாளிப்பு இல்லாததை வாங்கினால் பேரிங் மூடிக்குள் நிற்காது.

என்.எஸ்.கே., என்.ரி.என்., கோயோ, எஸ்.கே.எப். ஆகிய பெயர்களில் போலிகள் உலகெங்கும் உலவுகின்றன. பெட்டியைப் பார்த்து நம்ப வேண்டாம். எஸ்.கே.எப். நிறுவனம், படம் எடுத்து அனுப்பிச் சரிபார்ப்பதற்கென்று தொலைபேசிச் செயலி ஒன்றை வைத்திருக்கிறது. மற்றவற்றுக்கு, விலை நம்பமுடியாத அளவுக்குக் குறைவாக இருந்தால் அதுவே போதுமான எச்சரிக்கை. இங்கு கையிருப்பில் இல்லாத அளவுகளைக் கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து வரவழைத்துக் கொடுக்கிறோம். அங்கே கழற்றி விற்கும் பழைய பேரிங்குகளை மாத்திரம் இந்த இடத்துக்கு வாங்காதீர்கள்.

சீலிலும் மூன்று எண்கள் இருக்கும்: தண்டின் விட்டம், வெளிவிட்டம், அகலம். வயலில் இறங்கும் இயந்திரம் என்பதால், ஒயிலைத் தடுக்கும் உதட்டோடு வெளியே தூசியைத் தடுக்கும் உதடும் உள்ள இரட்டை உதட்டுச் சீலைக் கேளுங்கள்.

தம்பலகாமம் வயற்காரன் எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. அண்ணனும் நானும் பின்மூடியைக் கழற்றிவிட்டோம். கராஜ்காரர் சொன்னபடி நடுவில் பிரிக்க வேண்டிய தேவை ஏற்படவில்லை. தண்டின் முன்முனை ஆட்டமின்றி, சத்தமின்றிச் சுற்றுகிறது. தண்டு வரும்போது ஒரு தடித்த வொஷர் பற்சில்லின் முகத்தோடு ஒயிலில் ஒட்டிக்கொண்டு நின்றது. டோர்ச் அடித்துப் பார்த்திருக்காவிட்டால் அது நிச்சயமாக உள்ளே விழுந்திருக்கும்.

கழற்றியது 6207. மூதூர் நண்பர் சொன்னதைப் பார்ப்பதற்காகக் குண்டுகளைப் பிடித்திருக்கும் கூட்டை வெட்டி, குண்டுகளை எடுத்து, உள்வளையத்தைக் கழுவி வெயிலில் பிடித்தோம். தடம் பள்ளத்தின் நடுவில் இல்லை. ஒரு பக்க விளிம்பை ஒட்டி மேலேறி, அந்தப் பக்கத்தில் ஒரு நெல்மணி அளவுக்கு உருக்கு உரிந்திருக்கிறது. மறுபக்க விளிம்பு புதியதுபோல் மினுங்குகிறது. பிறகு இணைப்புத் தண்டை அளந்தோம். ரொட்டவேற்றர் ஏறக்குறைய தண்டுக்கு நேர்மட்டமாக வரும் உயரத்தில் உட்குழாய்க்கு மிச்சமே இல்லை. அதன் நுனி அடிபட்டுப் பூப்போல் விரிந்திருக்கிறது. பாவித்த ரொட்டவேற்றரோடு சேர்ந்து வந்த தண்டு அது.

இப்போது இரண்டு விடயங்கள் மிஞ்சியிருக்கின்றன. சீலின் உதடு ஓடிய இடத்தில் தண்டைச் சுற்றி ஒரு மெல்லிய பள்ளம் விழுந்திருக்கிறது. நகத்தை வைத்து இழுத்தால் நகம் தடக்குகிறது. புதிய சீல் அதில் ஒயிலை நிறுத்துமா? மற்றது, பேரிங் உட்காரும் மூடியின் துளை. வெளிவளையம் கையால் தள்ளினால் போகிறது, ஆனால் பக்கவாட்டில் அசையவில்லை. தெரிந்த ஒருவர், துளையின் உட்சுவரில் பொன்ச்சால் புள்ளி குத்தினால் இறுக்கமாகிவிடும் என்கிறார். செய்யலாமா?

கந்தளாய் கராஜ்காரர் எழுதியது:

புள்ளி குத்த வேண்டாம், தம்பி. கையால் தள்ளி உட்காரும் அளவு, அதே நேரம் அசைவில்லை என்றால், அந்தத் துளை இருக்க வேண்டிய விதமாகவே இருக்கிறது. சுழலும் உள்வளையம் தண்டில் இறுக்கமாகவும், நிற்கும் வெளிவளையம் மூடியில் அதைவிடத் தளர்வாகவும் இருப்பதுதான் முறை. வெளிவளையம் சுற்றித் துளையைத் தேய்த்திருந்தால் துளையின் சுவர் கண்ணாடிபோல் பளபளத்து, வளைய வளையமாகக் கோடு விழுந்திருக்கும். அப்படித் தேய்ந்தால்கூட, லேத் பட்டறையில் துளையைப் பெருப்பித்து உள்ளே புஷ் எனப்படும் உலோக வளையம் அடித்துச் சரியான அளவுக்குக் கடைந்து எடுப்பதுதான் முறையான வேலை. குத்திய புள்ளிகள் சில மணி நேர உழவில் நசுங்கிவிடும். அதுவரைக்கும் பேரிங்கை நடுமையத்திலிருந்து விலக்கியும் வைத்திருக்கும்.

சீல் பள்ளத்துக்கு வருவோம். நகம் தடக்கும் அளவென்றால் புதிய சீலை அதே இடத்தில் ஓடவிட வேண்டாம். மூடியில் சீல் உட்காரும் துளையின் ஆழத்தைப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று மில்லிமீற்றர் இடம் இருக்கும். சீலை அந்த அளவுக்கு முன்னே அல்லது பின்னே நிறுத்தினால் உதடு தேயாத பகுதியில் ஓடும். நிறுத்தும் இடம் எதுவானாலும் சீல் சுற்றிவரச் சமமாக இறங்க வேண்டும், பேரிங்கையோ சேர்க்ளிப்பையோ தொடக்கூடாது. இடமில்லையென்றால், தண்டின்மேல் ஏற்றும் மெல்லிய உருக்குக் கவசம் இதற்கென்றே விற்கிறார்கள். அல்லது லேத்தில் செய்விக்கலாம். எம்ரிக் கடதாசியால் நீளவாக்கில் தேய்த்துச் சமப்படுத்த முயல வேண்டாம், அந்தக் கீறல்கள் வழியாகவே ஒயில் வெளியேறும்.

சீலைப் பூட்டும்போது சுருள் கம்பியுள்ள பக்கம் ஒயிலைப் பார்க்க வேண்டும். தண்டின் வெளிமுனையில் நீளவாக்கில் வெட்டியிருக்கும் பற்கள் கத்திபோல் கூரானவை. அவற்றின் மேல் ஒட்டுநாடாவையோ மெல்லிய பிளாஸ்டிக் தாளையோ இறுக்கமாகச் சுற்றி, அதன்மேல் கிறீஸ் பூசிய பிறகே சீலைக் கடத்துங்கள். இரண்டு உதடுகளுக்கும் இடையிலும் கொஞ்சம் கிறீஸ் நிரப்புங்கள். சேர்க்ளிப்பின் இரு முகங்களையும் விரலால் தடவினால் ஒன்றின் விளிம்பு கூராகவும் மற்றது மழுங்கலாகவும் இருக்கும். கூரான விளிம்பு பேரிங்கைப் பாராமல் மறுபக்கம் பார்க்கட்டும், அப்போதுதான் தள்ளும் விசைக்கு எதிராகத் தவாளிப்பில் நன்றாகப் பிடித்து நிற்கும்.

மூடிக்கும் பெட்டிக்கும் இடையில் கடதாசி கஸ்கெட் இருந்திருந்தால் அதே தடிப்புள்ள கடதாசியில் வெட்டிப் போடுங்கள். கஸ்கெட்டின் தடிப்பு மாறினால் ஷிம் கணக்கும் மாறிவிடும். சிலிக்கனை அள்ளிப் பூசும் பழக்கம் இங்கே பரவியிருக்கிறது. உட்பக்கமாகப் பிதுங்கும் சிலிக்கன் காய்ந்து, பிய்ந்து, ஒயிலோடு போய் ஹைட்ரோலிக் வடியை அடைக்கும். பூசத்தான் வேண்டுமென்றால் மெல்லிய கோடு ஒன்று போதும்.

மூடியைப் பூட்டியதும், ஒயில் ஊற்றுவதற்கு முன் தண்டைக் கையால் சுற்றிப் பாருங்கள். ஒரே சீராகச் சுற்ற வேண்டும். எங்காவது பிடித்தால் ஷிம்மைத் திரும்பப் பாருங்கள். உங்கள் இயந்திரத்தில் கியர் பெட்டிக்கும் ஹைட்ரோலிக்குக்கும் ஒரே ஒயில் என்றால், கையேடு சொல்லும் வகையையே ஊற்றுங்கள். இரண்டுக்கும் பொதுவான ஒயில் கேட்கும் இயந்திரத்தில் தடித்த 90 கியர் ஒயிலை ஊற்றினால், காலைக் குளிரில் ரொட்டவேற்றர் எழும்பவே நேரம் எடுக்கும்.

மூதூர் உழவுக்காரன் எழுதியது:

தண்டு முட்டியிருக்கிறது என்று கேட்டதும் எனக்குப் பெரிய ஆறுதல். காரணம் கையில் அகப்பட்டுவிட்டது. வெட்டுவதைப் பற்றி மட்டும் எழுதிவிடுகிறேன். உட்குழாய், வெளிக்குழாய் இரண்டிலும் ஒரே நீளத்தை வெட்டுங்கள், காப்புக் குழாய்கள் இரண்டிலும் அதே நீளத்தை வெட்டுங்கள். விரிந்துபோன நுனி வெட்டில் போய்விடும், ஆனால் புதிய வெட்டின் பிசிறை அரத்தால் உள்ளும் புறமும் முழுவதுமாக எடுக்க வேண்டும். வெட்டுத்தூளைத் துடைத்துவிட்டு, உட்குழாய்க்குக் கிறீஸ் பூசி, கையாலேயே நீட்டிச் சுருக்கிப் பாருங்கள். கையால் இலகுவாக நகராத தண்டு, பாரம் விழும்போது நகரவே நகராது. நீளம் சரியாக இருந்தாலும் முட்டிய மாதிரியேதான் பேரிங்கைத் தள்ளும். சேற்று உழவுக் காலத்தில் நாங்கள் ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து கழுவிய பிறகு அந்தக் குழாயையும் இரண்டு ஜொயின்ட்களையும் கிறீஸ் பண்ணிவிட்டே இயந்திரத்தை நிறுத்துகிறோம்.

எல்லாம் பூட்டியதும் வயலுக்குக் கொண்டுபோகுமுன், ரொட்டவேற்றரை ஆக உயரத்திலிருந்து ஆகத் தாழ்வு வரை ஒருமுறை மெதுவாக இறக்கி, 25 மில்லிமீற்றர் எல்லா இடத்திலும் மிஞ்சுகிறதா என்று மறுபடி அளந்துவிடுங்கள். மூன்று புள்ளி இணைப்பின் மேல் கையின் நீளத்தை மாற்றும் ஒவ்வொரு தடவையும் இந்த அளவும் மாறும்.